ஹெர்பர்ட் சாரின் முகம்

பழைய லேப்டாப்பில் வீடியோ பார்த்தே கேம் செய்யக் கற்றவள் ஷைனி. பதினேழு வயதில் ஒரு படகு கேமை முடித்தாள். அதைக் காட்டி ஒரு கேம் கம்பெனியில் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கனவு. முதலில் கம்ப்யூட்டர் சென்டர் ஹெர்பர்ட் சாரிடம் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு மக்களே? கணக்கெழுத டேலி படி."

மூன்றாம் மாதம் அதே கேம் அவர் பெயரில் ஒரு கேம் போட்டியில் முதல் பரிசு வாங்கியது.

ஷைனி அழவில்லை. நாற்பது நாள் வெளியே தலைகாட்டாமல் இன்னொரு கேம் செய்தாள். அதில் அச்சு அசலாக ஹெர்பர்ட் சார், பிள்ளைகளின் பைகளைத் திருடிக்கொண்டு ஓடுவார். பிடித்து அடித்தால் அலறுவார். ஒரே வாரத்தில் ஊர்ப் பிள்ளைகளின் போன்களில் எல்லாம் அவர் அடிவாங்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்த கையோடு அவரே ஷைனி வீட்டுக்கு வந்துவிட்டார்.

"என் மூஞ்சிய அதுலேர்ந்து எடுத்துரு மக்களே. ரோட்டுல நடக்க முடியல."

ஷைனி நாற்காலியை இழுத்துப்போட்டு, கேமின் புரோகிராம் முழுவதையும் லேப்டாப் திரையில் திறந்து வைத்தாள். வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"நீங்களே எடுத்துருங்க சார். பரிசு வாங்குன ஆளுக்கு இது ஒரு வேலையா?"

ஹெர்பர்ட் சார் உட்கார்ந்தார். பத்து விரல்களும் கீபோர்டைத் தொடாமல் அதன்மேல் நின்றன. ஷைனி அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு, எதிரே சாவகாசமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.