பூனை முந்திக்கொண்டது

இதழினியின் மூச்சைக் கண்காணிக்கும் கைப்பட்டை பச்சையாக ஒளிர்ந்தது. பட்டை பச்சை காட்டினால்தான் அந்தப் பள்ளியில் ஆஸ்துமா குழந்தைகளை ஓட விடுவார்கள். ஆறு வயது மகள் பந்தயக் கோட்டில் போய் நிற்க, மதிவதனி வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பாதித் தூரத்தில் இதழினி நின்றுவிட்டாள்.

"பட்டை பச்சையாத்தானே இருக்கு, ஓடு பாப்பா!" என்று கத்தினார் டீச்சர்.

"பூனை வந்துடுச்சு, மிஸ்!"

நெஞ்சுக்குள் விசில் போல இழுக்கும் சத்தத்துக்கு அவள் வைத்திருந்த பெயர் அது. அங்கேயே உட்கார்ந்து, இடுப்புப் பையிலிருந்த இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சிழுக்கும் குழாயில் பொருத்தி, வாயில் வைத்து அழுத்தினாள். விரல் மடக்கி ஐந்து மூச்சு எண்ணினாள். ஓடி வந்த மதிவதனி உதவிக்குக் கை நீட்டினாள். மகள் தானே எல்லாம் சரியாகச் செய்வதைக் கண்டு நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் பட்டை சிவந்து அலறியது.

"அதுக்கு இப்பத்தாம்மா தெரியுது," என்று சிரித்தாள் இதழினி.

மூச்சு நன்றாக அடங்கிய பிறகு, அம்மாவின் விரலைப் பிடித்து நடந்தே முடிவுக் கோட்டைத் தாண்டினாள். கடைசி இடம்.

"யார் வீட்டுப் பொண்ணு இது?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

நாலு பேர் முன்னால் வாயே திறக்காத மதிவதனி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "என் பொண்ணு!"