வரையாமல் விட்ட கடல்

கூதிர்ப் பருவம் கடல்மேல் மெல்ல இறங்கியிருந்தது. வானும் நீரும் ஒரே சாம்பலாய்க் கலந்து, துறைமுகம் நோன்பிருப்பதுபோல் வாய்மூடிக் கிடந்தது.

தம்பியை விழுங்கிய கடலைக் கடலன்னையின் கோயிலுக்கென மெய்லான் தீட்டியிருந்தாள். ஓரத்தில் ஒரு பாறை. மற்றதெல்லாம் தூரிகை படாத வெண்மை. நீரை வரையாமல் விடுவது சீனத்து ஓவிய மரபு.

புயல் நாளில் அந்தத் தம்பியைக் கப்பலேற்றிய வணிகர் ஹுவாங்தான் கோயிலின் புரவலர். அந்த உரிமையில் தம் பெயர் பொறித்த சிவப்பு முத்திரையை வெண்மையின் நடுவே அழுத்தினார்.

“என் தம்பி கெடக்குற எடம்யா அது!”

“வெறும் தாள்தானேம்மா. வேணும்னா ரெண்டு அலை போட்டுக்கோ,” என்று சிரித்தார்.

 மெய்லான் தூரிகையை மையில் தோய்த்து, அந்தப் பெயர் முழுதும் மூழ்கும்வரை அலைமேல் அலையாக வரைந்தாள்.

“அடிப்பாவி, என் பேரு!”

“நீங்கதானேய்யா அலை போடச் சொன்னீங்க?”

பின்பு தூரிகையைக் கழுவி வைத்து, அன்னையின் முன் ஊதுவத்தி ஏற்றிக் கைகூப்பினாள். வெளியே, யாரும் கடலேறத் துணியாத இந்தப் பருவத்திலும், ஹுவாங்கின் அடுத்த கப்பல் பாய் விரித்துக்கொண்டிருந்தது.

“அதுல போற பிள்ளைங்க அத்தனை பேரும் கரை சேரட்டும், தாயே.”