எலேனியின் ஊசி

எலேனி இந்த மாதமும் வந்திருப்பாளோ என்று நினைத்தபடியே, சாந்தோம் வீட்டில் ஐரின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

சைப்ரஸ் மலையூர் ஒன்றில் நர்ஸாக இருந்தபோது, எலேனியின் வாசலில் உட்கார்ந்துதான் அவள் பூத்தையல் பழகினாள். ஊரைவிட்டுப் போகிறவளிடம் பாதி தைத்த துணியை ஊசியோடு கொடுத்தனுப்புவது அங்கே வழக்கம். திரும்பி வந்து இருவரும் சேர்ந்து முடிக்க வேண்டும். எழுபத்திரண்டாம் வருஷம் எலேனி இறந்ததாகக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து, எலேனி அப்படிக் கொடுத்தனுப்பி இந்தப் பெட்டியில் கிடக்கும் துணியில், யாரும் தொடாமலே மாதம் ஒரு பூ கூடுகிறது.

"இன்னும் ஒரே பூதான் பாக்கி. நீயே தச்சுக்கினு எலேனின்னு கதை வுடுறியாக்கா?" என்று தங்கை அல்போன்சா சிரித்தாள். "முடிச்சு, மாதா பீடத்துக்குக் குடுத்துடேன்."

முடிந்துவிட்டால் எலேனி எதற்கு வரப்போகிறாள்? ஐரின் இன்னொரு முழம் வெள்ளைத் துணியை எடுத்து, பூத்துணியின் ஓரத்தில் இணைத்துத் தைக்கத் தொடங்கினாள்.

"இல்லடி. இதுல இன்னும் நெறைய வேலை இருக்கு."