பொட்டு வைத்த செருப்பு ஸ்டாண்டு

மூன்றாவது மாடி நடைவழியில் மங்கையர்க்கரசி வீட்டுச் செருப்பு ஸ்டாண்டுக்கும் எதிர்வீட்டு வேதகிரியின் பழைய சைக்கிளுக்கும் ஆகவே ஆகாது.

"செருப்பு நாத்தம் தாங்கல. தள்ளி நில்லுய்யா," என்றது சைக்கிள்.

"நடக்குற வழியில ஹேண்டில்பாரை நீட்டிக்கிட்டு நிக்கிற நீ சொல்றியா?" என்றது ஸ்டாண்டு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், நடைவழியில் கிடக்கும் சாமான் எல்லாம் பூஜை முடிந்ததும் காயலான் கடைக்குப் போகும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். ஸ்டாண்டுக்கு நான்கு தட்டும் ஆட்டம் கண்டுவிட்டன.

சைக்கிள் அலட்டிக்கொள்ளவில்லை. "நாளைக்கு எனக்குச் சந்தனம் குங்குமம் வெப்பாங்க. பொட்டு வெச்ச பொருள்மேல எவன் கை வைப்பான்? செருப்பு சுமக்குற உனக்கு யாரு வெப்பா?"



மறுநாள் வேதகிரி, கீழே நின்ற புது ஸ்கூட்டருக்கு மாலை போட்ட குஷியில் சைக்கிளை மறந்தே போனார். மங்கையர்க்கரசியோ கிரைண்டர், மிக்ஸி, ஃப்ரிட்ஜ், வாசல்கதவு வரை பொட்டு வைத்துவிட்டு, விரலில் மிஞ்சிய சந்தனத்தை ஸ்டாண்டில் துடைத்தாள். துடைத்தது பொட்டு மாதிரி தெரியவே, மனசு கேட்காமல் அதன்மேல் குங்குமமும் வைத்தாள்.

அடுத்த நாள் சாமான்களைத் தூக்க வந்த செயலாளர் பொட்டைப் பார்த்துத் திகைத்து நின்றார். பிறகு தன் செருப்பைக் கழற்றி சைக்கிளுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஸ்டாண்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஸ்டாண்டு மெல்லச் சைக்கிள் பக்கம் திரும்பியது.

"தம்பி, சார் செருப்புக்கு டோக்கன் குடுத்தியா?"