மூன்றாவது கேள்வி

தினமும் காலை எட்டு மணிக்குக் கல்லூரியிலிருந்து என் போனுக்கு மூன்று கேள்விகள் வரும். செழியனுக்குத் தலைவலி உண்டா? தடுமாறினானா? எதையாவது மறந்தானா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றே அழுத்திவந்தேன்.

என் மகன் அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசைக்காரன். மோதித் தடுப்பதுதான் அவன் வேலை; தலையில் அடி விழுந்துகொண்டே இருக்கும், அதற்குத்தான் இந்தக் கேள்விகள். பதினான்கு கல்லூரிகளிலிருந்து சிறந்தவர்களைப் பொறுக்கும் ஆல்-கான்ஃபரன்ஸ் அணிக்கு, ஆட்டத்தோடு வீட்டார் பதிலையும் பார்ப்பார்கள். ஒரே ஒரு ‘ஆமாம்’ போதும், பெயரை எடுத்துவிடுவார்கள். விருது கையில் வரும்வரை கேள்விகள் ஓயாது.

அக்டோபரில் ஒருநாள் பல் தேய்க்கும் பிரஷைக் காட்டி, “இதுக்கு என்னப்பா பேரு?” என்றான். என் மனைவி சுபத்ரா என்னைப் பார்த்தாள். “தூக்கக் கலக்கம்” என்றேன்.

நேற்று பட்டியல் வந்தது. முதல் அணியில் இருக்கிறான். இன்று மதியம் விழா.

காலையில் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். செழியன் வந்து தோளைப் பிடித்தான்.

“அப்பா, மேடையில உங்களுக்குத்தான் நன்றி சொல்லப்போறேன். ஒருநாள்கூட விடாம எனக்காகப் பதில் போட்டீங்கல்ல? அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, சர்ப்ரைஸ்.”

“நிஜமாவாடா?” என்று கண்ணை விரித்தேன்.

சிரித்துக்கொண்டே குளிக்கப் போனான்.

சமையலறை வாசலில் சுபத்ரா நின்றிருந்தாள். “விடிஞ்சதுலேருந்து நாலாவது தடவை சொல்லிட்டான். நீங்களும் நாலு தடவை ஆச்சரியப்பட்டுட்டீங்க.”

போன் மணியடித்தது. எட்டு. முதல் இரண்டு கேள்விகளுக்கும் ‘இல்லை’ அழுத்தித் தாண்டினேன். மூன்றாவதில் சுபத்ரா என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.