நேரம் சரியில்லை

"நேத்து வரைக்கும் ஓடின சாஃப்ட்வேர் இன்னிக்கு ஏன் எழுந்திருக்க மாட்டேங்குது?"

மேனேஜர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மேஜையில் அவருடைய போன் கஸ்டமரின் அழைப்பில் விடாமல் அதிர்ந்தது.

"சார், நேரம் சரியில்ல..." என்றாள் இன்ஜினியர்.

"ஜோசியம் பார்க்கவா உனக்குச் சம்பளம்? மறுபடி இன்ஸ்டால் பண்ணு!"

பண்ணினாள். மறுபடியும் படுத்துக்கொண்டது.

"சார், நான் சொல்ல வந்தது..."

"என்ன, பரிகாரமா?"

"ஆமா சார். சாஃப்ட்வேரைக் கட்டி வச்சிருக்கிற கண்டெய்னர் பொட்டலத்தை இளைக்க வைக்கிறேன்னு நேத்து கண்டதையும் தூக்குனீங்களே, அதோட எந்த ஊர்ல என்ன மணின்னு சொல்ற ஃபைலும் போயிடுச்சு. அதைத் திரும்பப் போட்டாத்தான் இது எழுந்திருக்கும்."

மேனேஜர் நடையை நிறுத்தினார். போனை எடுத்து கஸ்டமரிடம் சொன்னார்.

"சார், அது வந்து... நேரம் சரியில்ல..."

"யோவ், நான் உன்கிட்ட ஜோசியமா கேட்டேன்?"