எபியின் பதினாறு வரிகள்

ராப் வட்டத்தை இன்றோடு இழுத்து மூடிவிடுவது என்ற முடிவோடுதான் அவள் மொட்டை மாடிக்கு ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் மூன்றே பேர் நின்றார்கள். ஒரு காலத்தில் முப்பது பேர் நின்ற வட்டம்.

கூடவே ஒரு புதுப் பெண். ஆஸ்பத்திரி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். பெயர் சங்கவி. ராப் பாடுவாளாம்.

இனிமேல் பாடி என்ன ஆகப்போகிறது?

ராப் செத்துவிட்டது, சோப்பு விளம்பரத்துக்குப் போய்விட்டது என்று நான்கு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள் அவள்.

வட்டத்தில் அவளுக்கு முன்னால் பாடும் எபி உயிரோடு இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பான். நமக்குப் பின்னால் வருகிறவர்கள் நம்மைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள் என்று பல்லைக் காட்டியிருப்பான். அதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மூவரில் ஒருவனான முனாப் வாயாலேயே பீட் போட ஆரம்பித்தான்.

வட்டத்துக்குச் சட்டம் ஒன்றுதான். முன்னால் பாடியவர் விட்ட கடைசிச் சொல்லில் அடுத்தவர் தொடங்க வேண்டும்.

எபிக்கு அடுத்து அவள்.

நான்கு மாதம் முன்பு விபத்தில் எபி செத்த பிறகும் அவன் இடத்தில் யாரும் நிற்கவில்லை. அவன் முறை வந்தால் பதினாறு வரிக்கு வெறும் பீட் ஓடும். அது முடிந்ததும் அவள் வேண்டாமென்று தலையாட்டிவிடுவாள். சொல்லே வராத இடத்திலிருந்து எதை எடுத்துத் தொடங்குவது?

இன்று, விவரம் தெரியாமல், காலி இடத்துக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றிருந்தாள் சங்கவி.

எபியின் முறை வந்தது.

வெறும் பீட்.

சங்கவி காலி இடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள்.

புதுப் பெண் தொடங்கத் தெரியாமல் நிற்கிறாள் என்று நினைத்து, பதினாறு வரி முடிவதற்கு முன்பே பாடச் சொல்லி முனாப் கையைக் காட்டினான்.

"இருங்கண்ணா. அவரு இன்னும் முடிக்கல."

பீட் ஒரு நொடி தடுமாறியது.

பதினாறாவது வரி முடிந்ததும் சங்கவி வாயைத் திறந்தாள். முதல் சொல், கிருஷ்ணாயில்.

அடுத்து நின்றிருந்த அவள் சட்டென்று சங்கவி பக்கம் திரும்பினாள். விபத்துக்கு முந்தின நாள் எபி போனில் அவளுக்கு மட்டும் பாடிக் காட்டிய வரிகள் அந்தச் சொல்லில்தான் முடியும்.

சங்கவி நிற்கவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எபி போகாத இடங்களுக்கெல்லாம் போனாள். அவள் மூச்சு வாங்குவதுகூடத் தாளத்தில் விழுந்தது.

பயமாக இருந்தது. அதைவிடப் பொறாமையாக இருந்தது. யார் பாட்டைக் கேட்டும் அவள் பொறாமைப்பட்டு நான்கு மாதமாகியிருந்தது.

சங்கவி ஒரு சொல்லை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் அதை எடுத்துக்கொண்டாள். பதினாறு வரி போதவில்லை. இன்னொரு பதினாறு போனாள்.

எல்லாம் முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சங்கவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். தன்னோடு வேலை பார்ப்பவர்கள் நான்கு பேர் பாடுவார்களாம், தன்னைவிட நன்றாகவே. அடுத்த வாரம் கூட்டி வந்தால் இடம் இருக்குமா?

மூடிவிடுகிற பேச்சு அவள் வாயில் வரவே இல்லை. எவ்வளவு இடம் கிடைக்கிறதென்று பார்க்க எல்லோரையும் ஓரடி பின்னால் போகச் சொன்னாள்.

முனாப் போனான். மற்றவர்களும் போனார்கள்.

சங்கவி பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தாள்.

"நீங்களும் கொஞ்சம் பின்னால வாங்கண்ணா."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பிறகுதான் தானும் நகர்ந்தாள்.